தொடங்குவதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்?

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், நிலாவெளிப் பக்க ஹோட்டல்களில் வேலைக்குச் சேர நினைக்கும் இளைஞர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வரும் இரண்டு மூன்று அம்மாமார். போன வாரம் 'என் தந்தையின் ஒரு நாள்' என்று ஒரு பந்தி எழுதக் கொடுத்தேன். கடற்றொழில் குடும்பத்துப் பையன் ஒருவன் இப்படி ஒரு வரி எழுதியிருந்தான்: "மை ஃபாதர் பிகின்ஸ் த எஞ்சின் அட் த்ரீ இன் த மோர்னிங்."

இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. எழுவாய்க்கு ஏற்றபடி வினைச்சொல்லின் கடைசியில் 'எஸ்' போட்டிருக்கிறான். நேரத்துக்கு 'அட்' சரி. ஆனாலும் 'பிகின்ஸ்' என்பதன் கீழ் சிவப்புக் கோடு போட்டேன். உடனே கேட்டான்: "ஏன் சேர், ஸ்டார்ட் எண்டாலும் பிகின் எண்டாலும் ஒண்டுதானே? டிக்ஷனரியிலயும் தொடங்கு எண்டுதானே கிடக்கு."

நல்ல கேள்வி. அகராதியில் ஒரே பொருள் போட்டிருந்தால் எதைப் போட்டாலும் சரிதான் என்று யாருக்கும் தோன்றும். நான் நேரே பதில் சொல்லவில்லை. "சரி தம்பி, உங்கட அப்பா விடிய என்ன செய்வார் எண்டு தமிழில சொல்லும் பாப்பம்" என்றேன். அவன் சொன்னான்: அப்பா இரண்டரைக்கு எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு வெளிக்கிடுவார். நாலு பேர் சேர்ந்து வள்ளத்தைக் கடலில் இறக்குவார்கள். பெட்ரோலில் கயிற்றை இழுத்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சூடு பிடித்த பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். புறாத்தீவுப் பக்கம் போனதும் வலை போடத் தொடங்குவார்.

வெளிக்கிடுதல், இறக்குதல், ஸ்டார்ட் பண்ணுதல், தொடங்குதல். நாலும் ஒவ்வொரு விதத்தில் தொடக்கம்தான். ஆனால் எஞ்சின் வெளிக்கிட்டது என்றோ அப்பா தொடங்கினார் என்றோ அவன் சொல்லவில்லை. எது தொடங்குகிறது என்று பார்த்து, அதற்கு உரிய சொல்லைத் தன்னை அறியாமலே எடுத்தான். தமிழில் நாம் எல்லாருமே அப்படித்தான். தீ பற்றுகிறது, சண்டை மூள்கிறது, மழை பிடிக்கிறது, திருவிழா கொடியேறுகிறது, கடை திறக்கிறார்கள், வீட்டுக்கு அடிக்கல் நாட்டுகிறார்கள். ஆங்கிலமும் இதே வேலையைத்தான் செய்கிறது. 'ஸ்டார்ட்', 'பிகின்', 'கமென்ஸ்', 'லோஞ்ச்' என்று பட்டியலாக மனனம் செய்வதை விட்டுவிட்டு, எது தொடங்குகிறது, யார் தொடக்குகிறார்கள், எந்த இடத்தில் பேசுகிறோம் என்று பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலில் அந்த எஞ்சினை முடித்துவிடுவோம். 'ஸ்டார்ட்' என்பது பழைய ஆங்கிலச் சொல். அந்தக் காலத்தில் அதற்குத் துள்ளுதல், திடீரென்று அசைதல் என்ற பொருள். திடுக்கிட வைப்பதைக் குறிக்கும் 'ஸ்டார்ட்டில்' என்ற சொல்லும் அதே குடும்பம்தான். சும்மா கிடந்த ஒன்று சட்டென்று அசைவுக்கு வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின், மோட்டார் சைக்கிள், ஓட்டோ, தண்ணீர் பம்பு எல்லாம் அப்படித்தான். அதனால் இயந்திரம் என்றால் 'ஸ்டார்ட்' மட்டும்தான். 'பிகின்' வரவே வராது. பயணத்துக்குக் கிளம்புவதும் அசைவுதான். "கொழும்புக்குப் போவதென்றால் வெள்ளெனவே வெளிக்கிட வேண்டும்" என்பதை ஆங்கிலத்தில் "வீ மஸ்ட் ஸ்டார்ட் ஏர்லி" என்று சொல்லலாம். 'செட் ஓஃப்' என்று சொன்னால் இன்னும் அழகு. நம்முடைய 'வெளிக்கிடு' என்ற சொல்லுக்கு மிக நெருங்கி வருவது இந்த 'செட் ஓஃப்'தான் என்பது என் எண்ணம். சொந்தமாக ஒரு கடை, ஒரு தொழில் போடுவதற்கும் 'ஸ்டார்ட்'தான். "ஹீ ஸ்டார்ட்டட் எ பிஸ்னஸ்" என்பார்களே தவிர, அந்த இடத்தில் 'பிகேன்' என்று போட்டால் காதில் இடறும்.

'பிகின்' வேறு வகை. நீளமான ஒன்றின் முதல் பகுதியில் நிற்பதுதான் அதன் இயல்பு. கதை, பேச்சு, கூட்டம், பூசை, பாடம் போன்றவற்றுக்கு ஒரு முதல், ஒரு நடு, ஒரு முடிவு உண்டு. அந்த முதலில் நிற்கும்போது 'பிகின்' பொருந்தும். "த ஸ்டோரி பிகின்ஸ் இன் எ ஸ்மோல் வில்லேஜ்." ஒருவர் மேடையில் ஏறி, "லெட் மீ பிகின் பை தேங்க்கிங் யூ" என்பார். குரலில் கொஞ்சம் அமைதி, கொஞ்சம் மரியாதை இருக்கும்.

இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாறும் இடங்கள் ஏராளம். மழை, பள்ளிக்கூடம், படம், வகுப்பு, வேலை, அழுகை எல்லாவற்றுக்கும் எதைப் போட்டாலும் பிழையில்லை. வாயால் பேசும்போது 'ஸ்டார்ட்' முந்திக்கொள்ளும். எழுத்தில் 'பிகின்' கொஞ்சம் கூடுதலாக வரும். சந்தேகம் வந்தால் 'ஸ்டார்ட்' என்றே சொல்லிவிடுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். அது போகாத இடம் குறைவு.

'பிகின்' சொல்லில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, அதன் இறந்தகாலம். 'ஸ்டார்ட்' போல 'எட்' சேர்த்தால் வேலை முடியாது. நேற்று நடந்ததற்கு 'பிகேன்'. 'ஹாவ்', 'ஹாஸ்', 'ஹாட்' முன்னால் வந்தால் 'பிகன்'. "த கிளாஸ் பிகேன் அட் ஃபோர்", "த கிளாஸ் ஹாஸ் பிகன்". இரண்டாவது பொறி எழுத்துக்கூட்டலில். 'பிகின்னிங்' என்று எழுதும்போது நடுவில் 'என்' எழுத்து இரண்டு முறை வர வேண்டும். சொல்லின் இரண்டாம் அசையில் அழுத்தம் விழுவதால் இந்த இரட்டிப்பு. ஒரு 'என்'னோடு எழுதிய கட்டுரைகள் எனக்கு வாரம் தவறாமல் வரும்.

இனி 'கமென்ஸ்'. இங்கே கொஞ்சம் சரித்திரம் வேண்டும். 1066இல் பிரான்சின் நோர்மண்டிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் நீண்ட காலம் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழிதான். சந்தையிலும் வயலிலும் பழைய ஆங்கிலம் தொடர்ந்தது. பழைய ஆங்கிலத்தின் 'பிகின்' வீட்டுச் சொல்லாக நிலைத்தது. பிரெஞ்சு வழியாக வந்த 'கமென்ஸ்' கந்தோர்ச் சொல்லாக நிலைத்தது. இன்றைக்கும் அந்த வாசனை போகவில்லை. புது வீட்டுக்குப் போவதை நாம் வாயால் 'குடிபூரல்' என்போம். அழைப்பிதழில் 'கிரகப்பிரவேசம்' என்று அடிப்போம். 'பிகின்' முன்னது, 'கமென்ஸ்' பின்னது. கடிதத்தில், ஒப்பந்தத்தில், பரீட்சை அறிவித்தலில் "த எக்ஸாமினேஷன் வில் கமென்ஸ் அட் எய்ட் தேர்ட்டி" என்று வரும். சாப்பாட்டு மேசையில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். ஹோட்டல் நேர்முகத்துக்குத் தயாரான பிள்ளை ஒருவர் "ஐ கமென்ஸ் மை டே வித் டீ" என்று சொல்லிக் காட்டினார். பிழை இல்லை, ஆனால் தேத்தண்ணி குடிக்கப் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. 'ஸ்டார்ட்' என்று மாற்றிச் சொல்லிப் பழகினார். அமெரிக்காவில் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கே 'கமென்ஸ்மென்ட்' என்றுதான் பெயர். படிப்பு முடிந்த நாளைத் தொடக்கம் என்கிறார்கள்.

'இனிஷியேட்' என்ற சொல்லைப் புரியவைக்க எனக்குத் தமிழ் பெரிய உதவி. நம் மொழியில் இறங்கு, இறக்கு என்று சோடி சோடியாக வினைச்சொற்கள் உண்டு. வள்ளம் இறங்கியது, அது தானாக நடந்தது போல. வள்ளத்தை இறக்கினார்கள், அங்கே செய்த ஆட்கள் இருக்கிறார்கள். அடங்கு, அடக்கு அதே மாதிரி. தொடங்கு, தொடக்கு என்பதும் அந்த வகைச் சோடிதான். விஜயதசமி அன்று சின்னப் பிள்ளையை மடியில் வைத்து, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் அதன் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பதை ஏடு தொடக்குதல் என்கிறோம். அங்கே பிள்ளையின் விரலைப் பிடிக்க ஒரு கை இருக்கிறது. 'இனிஷியேட்' அந்தக் கை உள்ள சொல். ஒருவர் முன்வந்து ஒன்றைத் தொடக்கிவைக்க வேண்டும். பேச்சுவார்த்தை, விசாரணை, திட்டம் போன்றவற்றை 'இனிஷியேட்' செய்வார்கள். "த ரெய்ன் இனிஷியேட்டட்" என்று எழுதினால் பிழை. மழை தானாகத்தான் தொடங்கும். சைவர்கள் பெறும் சமய தீட்சையை ஆங்கிலத்தில் 'இனிஷியேஷன்' என்று எழுதுவதும் இதனால்தான், அங்கேயும் குரு ஒருவர் கைபிடித்து உள்ளே சேர்க்கிறார். நம் பெயருக்கு முன்னால் போடும் 'இனிஷியல்' இருக்கிறதே, அதுவும் இதே வேர்தான். தொடக்கம் என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லிலிருந்து எல்லாம் வருகின்றன. இனிஷியல் என்பது பெயரின் தொடக்க எழுத்து.

எனக்கு மிகவும் பிடித்த சோடி ஒன்று உண்டு. நம் ஊர்ப் பத்திரிகைகளில் "சங்கம் அங்குரார்ப்பணம் செய்து வைக்கப்பட்டது" என்று வாசித்திருப்பீர்கள். அந்தச் சொல் கோயிலிலிருந்து வந்தது. கோணேசர் கோயிலானாலும் பத்திரகாளி அம்மன் கோயிலானாலும் பெருந்திருவிழாவுக்கு முன்னால் நவதானியத்தை மண் நிரப்பிய பாலிகைகளில் விதைத்து முளைக்கவிடும் கிரியைக்கு அங்குரார்ப்பணம் என்று பெயர். அங்குரம் என்றால் முளை. ஆங்கிலத்தில் இதற்குச் சமமான சொல் 'இனோகுரேட்'. அதன் வேரைத் தோண்டினால் அங்கேயும் ஒரு பூசகர் நிற்கிறார். பழைய ரோமாபுரியில் பறவைகள் பறக்கும் விதத்தைப் பார்த்துச் சகுனம் சொல்பவருக்கு 'ஓகர்' என்று பெயர். அவர் நல்ல சகுனம் என்று சொன்ன பிறகுதான் பெரிய காரியங்களில் கை வைப்பார்கள். நாம் முளையைப் பார்த்தோம், அவர்கள் பறவையைப் பார்த்தார்கள். இந்தச் சொல்லை விழாவோடும் சடங்கோடும் தொடங்கும் காரியங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஜனாதிபதி ஜனவரி 20ஆம் திகதி பதவியேற்கும் விழாவுக்கு 'இனோகுரேஷன்' என்று பெயர். வீட்டில் புது மிக்சி வாங்கியதற்கு அந்தச் சொல் வேண்டாம்.

பாலம், வீதி, கடை, வாசிகசாலை என்றால் வெறும் 'ஓப்பன்' போதும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் வாகனத்தோடு 'பாதை' என்னும் மிதவையில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். "த பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்ட் இன் டூ தவுசண்ட் நைன்." பாலம் 'ஸ்டார்ட்' ஆனது என்று எழுதினால், கட்டத் தொடங்கினார்களா, திறந்தார்களா என்று வாசிப்பவர் குழம்புவார். நிறுவனம், பள்ளிக்கூடம், சங்கம் என்றால் 'ஃபவுண்ட்'. இதில் கவனம் தேவை. கண்டுபிடித்தல் என்ற பொருளில் வரும் 'ஃபைண்ட்' என்பதன் இறந்தகாலமும் 'ஃபவுண்ட்'தான். நிறுவுதல் என்ற 'ஃபவுண்ட்' தனிச் சொல், அதன் இறந்தகாலம் 'ஃபவுண்டட்'. ஒருவர் பள்ளிக்கூடத்தை 'ஃபவுண்ட்' பண்ணினார் என்று இறந்தகாலத்தில் எழுதினால், தொலைந்துபோன பள்ளிக்கூடத்தைத் தேடி எடுத்த கதையாகிவிடும்.

'லோஞ்ச்' என்ற சொல்லைக் கேட்டவுடன் திருகோணமலையில் பெரியவர்களுக்கு மூதூர் போகும் லோஞ்ச்தான் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. படகைக் குறிக்கும் லோஞ்ச் போர்த்துக்கேய, ஸ்பானிய மொழிகளின் 'லாஞ்சா' என்ற சொல்லின் வழி வந்தது. தொடக்கத்தைக் குறிக்கும் லோஞ்ச் பிரெஞ்சு வழி வந்தது, ஈட்டி எறிதல்தான் அதன் பழைய பொருள். எறிந்த ஈட்டி போல ஒன்றை முன்னுக்குத் தள்ளிவிடுவது. கப்பலைத் தண்ணீரில் இறக்குவதற்கு முதலில் பயன்பட்டு, இன்று ராக்கெட், புதிய பொருள், பிரசாரம், இணையத்தளம் என்று பரவிவிட்டது. புத்தகத்துக்கு நாம் நூல் வெளியீட்டு விழா வைக்கிறோம், அது 'புக் லோஞ்ச்'. பையனின் அப்பா நாலு பேரோடு சேர்ந்து வள்ளத்தை இறக்குவதற்கும் இதுதான் சொல்: "தே லோஞ்ச் த போட்."

மக்கெய்சர் மைதானத்தில் உதைபந்தாட்டம் பார்த்தவர்களுக்கு 'கிக் ஓஃப்' என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதையே பேச்சு வழக்கில் கூட்டத்துக்கும் நிகழ்ச்சிக்கும் சொல்வார்கள். நண்பர்களுக்கு இடையில் சரி, விண்ணப்பக் கடிதத்தில் வேண்டாம்.

நல்லவை தொடங்குவதற்கும் கெட்டவை தொடங்குவதற்கும் ஆங்கிலம் ஒரே சொல்லை வைக்கவில்லை. போர் மூண்டது, தீ பிடித்தது, நோய் பரவத் தொடங்கியது என்று நாம் சொல்லும் இடங்களில் 'பிரேக் அவுட்' வரும். "எ ஃபயர் புரோக் அவுட்." டெங்கு பரவினால் 'அவுட்பிரேக்'. உடம்பில் ஒரு நோய் தலைகாட்டும் நேரம் 'ஒன்செட்'. வானிலை அறிக்கையில் வடகீழ்ப் பருவமழையின் தொடக்கத்துக்கும் 'ஒன்செட்' என்றே எழுதுவார்கள். ஆண்டுக் கடைசியில் கடல் பொங்கத் தொடங்கும்போது அந்தச் சொல் எங்களுக்குத் தேவைப்படும்.

ஆறு தொடங்குவதற்கும் தனிச் சொல். மகாவலி மத்திய மலைநாட்டில் ஊற்றெடுத்து, 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. ஆங்கிலத்தில் ஆறு 'ரைஸ்' ஆகும், அது தொடங்கும் இடம் 'சோர்ஸ்'. ஒரு வழக்கமோ ஒரு சொல்லோ எங்கே தோன்றியது என்று கேட்டால் 'ஒரிஜின்'. சூரியன் எழுவதைக் குறிக்கும் லத்தீன் வினைதான் இதன் வேர். கிழக்கு என்று பொருள்படும் 'ஓரியன்ட்' அதன் உடன்பிறப்பு. "புதிய கட்சி உதயமானது" என்று நாமும் எழுதுகிறோமே, அதே எண்ணம்.

சொல் சரியாக அமைந்த பிறகும் பிழை விடும் இடம் ஒன்று இருக்கிறது, அது சொல்லுக்கு அடுத்து வருவது. "திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு தொடங்கும்" என்று தமிழில் சொல்கிறோம். அதை அப்படியே கொண்டுபோய் "த கிளாஸ் வில் ஸ்டார்ட் ஃப்ரம் மண்டே" என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் தொடக்கம் ஒரு புள்ளி. புள்ளிக்கு 'ஃப்ரம்' தேவையில்லை. கிழமைக்கு 'ஒன்', மணிக்கு 'அட்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. "ஸ்கூல் ஸ்டார்ட்ஸ் அட் செவன் தேர்ட்டி." ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும் பள்ளிக்கூடத்தின் முழு நேரத்தையும் சொல்ல வந்தால் 'ஃப்ரம்' போடலாம், ஆனால் அப்போது 'ஸ்டார்ட்' போகும்: "ஸ்கூல் இஸ் ஃப்ரம் செவன் தேர்ட்டி டு வன் தேர்ட்டி." ஊரில் ஒட்டியிருக்கும் டியூஷன் விளம்பரங்களில் பாதியில் அந்த 'ஃப்ரம்' இருக்கும். அடுத்த முறை வீதியில் போகும்போது பாருங்கள்.

இன்னொன்று. 'ஸ்டார்ட்', 'பிகின்' இரண்டுக்கும் பிறகு 'டு' போட்டும் எழுதலாம், 'இங்' போட்டும் எழுதலாம். "இட் ஸ்டார்ட்டட் டு ரெய்ன்", "இட் ஸ்டார்ட்டட் ரெய்னிங்", பொருள் ஒன்றே. ஆனால் முன்சொல்லே 'ஸ்டார்ட்டிங்' என்று 'இங்'கில் நின்றால் அடுத்ததும் 'இங்' ஆகக் கூடாது. "இட் இஸ் ஸ்டார்ட்டிங் டு ரெய்ன்" என்றுதான் சொல்ல வேண்டும். விளங்குதல், அறிதல் போன்ற மனத்துக்குள் நடக்கும் வினைகளுக்கு 'டு' மட்டும்: "ஐ பிகேன் டு அண்டர்ஸ்டாண்ட்." 'கமென்ஸ்' அதற்கு எதிர்ப்பக்கம், அதன்பின் பெரும்பாலும் பெயர்ச்சொல்லோ 'இங்'கோதான் வரும்.

பையன் அன்று பந்தியைத் திருப்பி எழுதினான். அப்பா 'செட்ஸ் ஓஃப்', நாலு பேரும் வள்ளத்தை 'லோஞ்ச்', எஞ்சினுக்கு 'ஸ்டார்ட்ஸ்', வலை போடுவதற்கு 'பிகின்ஸ்'. கொப்பியை நீட்டிவிட்டுக் கேட்டான்: "சேர், புது வள்ளம் வாங்கினா வெள்ளோட்டம் விடுவமே, அதுக்கு என்ன?" எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் ஓட்டமென்றால் 'ட்ரையல் ரன்', முதன்முதலாகத் தொழிலுக்குப் போகும் பயணமென்றால் 'மெய்டன் வொயேஜ்' என்றேன். "அப்ப ரெண்டையும் எழுதுறன்" என்று கொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.